நூறாவது மாப்பிள்ளை பேசாத வசனம்

ஏம்மா, வலது பக்கத்துல யாரோ வந்து உக்காந்த சத்தம் கேட்டுச்சே, மணி என்னாச்சு? பதினொண்ணேகாலா? போச்சு, இன்னும் முக்கால் மணி நேரம். அந்த நர்ஸுப் பொண்ணு ரெண்டு கண்ணுலயும் மருந்தை ஊத்திட்டு, பன்னண்டு மணி வரைக்கும் தொறக்கவே கூடாதுன்னு மிரட்டிட்டுப் போயிருக்கு. கண்ணை மூடிக்கலாம். வாயையும் மூடிக்கிட்டு உக்காருன்னா நம்மளால ஆகுமா?

உனக்கு ஒரு இருபத்தெட்டு இருக்குமா? பாத்தியா, குரலை வச்சே சொல்லிருவேன். மாமியாரைக் கூட்டிட்டு வந்திருக்கே. உள்ள டெஸ்ட் நடக்குதா? நடக்கட்டும், அங்க போனவங்க ஒரு மணி நேரத்துக்கு வர மாட்டாங்க. பேர் என்ன? இளவரசியா? நல்ல பேரு. என் பேரு பங்கஜவல்லி. உனக்குத் தெரிஞ்சிருக்காது. உங்க மாமியார் வெளிய வந்ததும் "சொர்ணக்கிளி"ன்னு மட்டும் சொல்லிப் பாரு. தெரியலேன்னா அந்தக் காலத்துல அவங்க வீட்டுல ரேடியோ இல்லேன்னு அர்த்தம்.

என் இடது பக்கம் ஒருத்தர் உக்காந்திருக்காரா பாரு. வெள்ளைச் சட்டை, பெரிய மீசை. இருக்காருல்ல? எங்க வீட்டுக்காரர்தான். இருந்தாலும் இல்லாட்டியும் ஒண்ணு, சத்தமே வராது. உப்பு கம்மின்னு சொல்வார், கரண்ட் போச்சுன்னு சொல்வார். காபி வேணும்னா அதுவும் சொல்ல மாட்டார், டம்ளரை விரலால தட்டுவார். ரேடியோ ஸ்டேஷன்ல சத்தம் போடறதுக்குன்னே சம்பளம் வாங்கின ஆளு இவர். சொன்னா நம்புவியா?

காலைல என்ன நடந்துச்சு தெரியுமா? மருந்து ஊத்தி, நான் கண்ணை மூடினதுக்கு அப்புறம், ஆபரேஷனுக்குக் கையெழுத்து வாங்க நர்ஸ் வந்துச்சு. "ஐயா, உங்க மனைவிக்கு ஆபரேஷன் பண்றதுல உங்களுக்குச் சம்மதமா?"ன்னு கேட்டுச்சு. நான் காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். ஒரு சத்தமும் இல்லை. பேனா கிறுக்கின சத்தம் மட்டும் கேட்டுச்சு. சம்மதம்னு வாயைத் தொறந்து சொன்னா முத்து உதிர்ந்திருமா?

அந்த ஒரு வார்த்தையால எனக்கு நாப்பத்தொரு வருஷமா வயித்தெரிச்சல், இளவரசி. ரெண்டு பொண்ணைப் பெத்து, பேரன் பேத்தி எல்லாம் பாத்தாச்சு, இப்பப் போய் இதென்ன கேள்வின்னு நீ நினைப்பே. ஆனாலும் எனக்குத் தெரிஞ்சாகணும். இந்த மனுஷன் என்னைப் பிடிச்சுக் கட்டினாரா, இல்லை பயந்து கட்டினாரா? அவ்வளவுதான். எத்தனை தடவை கேட்டுட்டேன்! ஏங்க, கேட்டிருக்கேனா இல்லையா?

பாத்தியா, மூச்சு விடல.

என்ன, என்னமோ சொல்ல வந்தியே? இரு இரு, முதல்லேர்ந்து சொல்றேன். நடுவுல கேட்டா உனக்கு ஒண்ணும் புரியாது.

அப்ப எங்க ஊர் ரேடியோவுல ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஒண்ணரை மணிக்கு "சந்துமுனை வீடு"ன்னு ஒரு நகைச்சுவை நாடகம். அரை மணி நேரம். சந்துமுனை வீட்டுல ஒரு வாயாடிப் பொண்ணு, அவதான் சொர்ணக்கிளி. வாராவாரம் ஒரு மாப்பிள்ளை பொண்ணு பாக்க வருவான். இவ அவனை ஒரு வழி பண்ணிட்டு, கடைசியில "போய் வேற வீட்டுக் கதவைத் தட்டுங்க"ன்னு சொல்லுவா. சொன்னதும் டமால்னு கதவு சாத்துற சத்தம். நாடகம் முடிஞ்சுது. டீக்கடையில, சலூன்ல, எங்க பாத்தாலும் அந்தக் கதவுச் சத்தத்தோட ஜனங்க சேந்து கத்துவாங்களாம். சொர்ணக்கிளி நான். கதவு இவர்.

கதவுன்னா செவுத்துல இருக்கிற கதவு இல்லை. ஸ்டுடியோ நடுவுல ஒரு நிலையில மாட்டி, சும்மா நிக்கும். தொறந்தா அந்தப் பக்கமும் அதே ரூம்தான். தாழ்ப்பாள், நாதாங்கி எல்லாம் இருக்கும். அதுக்குப் பக்கத்துல ஒரு தட்டு நிறைய ஜல்லி. நடக்கிற சத்தம் வேணும்னா அதுல ஏறி மிதிப்பார். மழைன்னா முறத்துல பச்சைப்பயறை உருட்டுவார். என் வளையல் சத்தம்கூட என்னுது இல்லை. மைக் பக்கத்துல நம்ம கை அசைஞ்சா காகிதம் கிழியற மாதிரி கேக்கும்னு வளையலைக் கழட்ட வச்சிருவாங்க. அதனால சொர்ணக்கிளி கையை ஆட்டினா, இந்த மீசைக்கார மனுஷன் மூலையில நின்னுக்கிட்டு ஒரு டஜன் கண்ணாடி வளையலைக் குலுக்குவார். பாக்கணுமே நீ!

அந்த வளையல் இவரே தெப்பத் திருவிழாவுல சொந்தக் காசுல வாங்கினது. ஸ்டேஷன்ல குடுத்த வளையல் சத்தம் சரியில்லைன்னு சொல்லிட்டார். ஆனா அதுவும் இவர் கைக்கு ஏறாது, கயித்துல கோத்துத்தான் ஆட்டுவார். ஒரு நாள் விளையாட்டா எடுத்து என் கையில போட்டுப் பாத்தேன், அளவெடுத்த மாதிரி இருக்கு! ஏங்க, தன் கைக்குப் பத்தாத வளையலை எந்த ஆளாவது வாங்குவானா? என் அளவு பாத்தா வாங்கினீங்க?

பதில் இல்லை. அப்பவும் இல்லை, இப்பவும் இல்லை. கடைக்காரன் ஏமாத்திட்டான்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன். இவருக்குச் சாமான் வாங்கத் தெரியாது. இன்னிக்கும் முத்தின வெண்டைக்காய்தான் வாங்கிட்டு வருவார்.

இரும்மா, உனக்கு என்ன அவசரம்? கதைக்கே இன்னும் வரல.

வேலையிலயும் கவனம் பத்தாது, அதையும் சொல்லிருறேன். ஒரு வாரம் காலேஜ் வாத்தியார் ஒருத்தர் மாப்பிள்ளையா நடிக்க வந்தார். என்ன குரல்ங்கறே! தேன்ல ஊறின பலாச்சுளைதான். ஒத்திகை முடிஞ்சு என்கிட்ட நின்னு சிரிச்சுச் சிரிச்சுப் பேசினார், நானும் பேசினேன். அன்னிக்கு ரெக்கார்டிங்ல இவர் சாத்தின சாத்துல நாதாங்கி கழண்டு கீழ விழுந்துருச்சு. என்னங்க இப்படின்னு கேட்டா, "கதவு பழசு"ன்னார். பழசாவது ஒண்ணாவது! முந்தின வாரம்தான் ஆசாரி வந்து புதுசா மாட்டிட்டுப் போனார். அதே ஒரு கிழவர் மாப்பிள்ளையா வந்தா பூ மாதிரி சாத்துவார். இப்படி ஒரே மாதிரி வேலை செய்யத் தெரியாத ஆளை வச்சுக்கிட்டு எங்க கோதண்டராமன் சார் பட்ட பாடு! அவர்தான் எங்க நாடகத்தை நடத்தினவர்.

இப்படியே தொண்ணூத்தொம்பது வாரம் ஓடிப் போச்சு. தொண்ணூத்தொம்பது மாப்பிள்ளை, தொண்ணூத்தொம்பது டமால். நூறாவது வாரம் சொர்ணக்கிளிக்குக் கல்யாணம் நிச்சயம் ஆகணும், அதுவும் நேரடி ஒலிபரப்பா போகணும்னு கோதண்டராமன் சாருக்கு ஒரு ஆசை. அதுவரைக்கும் டேப்புல பிடிச்சு, தப்பு வந்தா வெட்டி ஒட்டிப் போடறதுதான் வழக்கம். நேரடின்னா பேசினது பேசினதுதான். அதுக்கு ஏத்த மாதிரி நூறாவது மாப்பிள்ளைக்கு ஒரு பெரிய ஆளைப் பிடிச்சுட்டு வந்தார். மணிமுடி மாசிலாமணி. மேடையில முப்பது வருஷம் ராஜா வேஷம் போட்டவர். மைக் முன்னாடி நின்னதே கிடையாது.

அவருக்கு இருந்ததே ஒரே ஒரு முக்கியமான வசனம். நான், "ஏங்க, இந்த வாயாடியைக் கட்டிக்க உங்களுக்குச் சம்மதமா?"ன்னு கேக்கணும். அவர் "சம்மதம்"னு சொல்லணும். ஒத்திகையில சொன்னார் பாரு, கடைசி வரிசையில தூங்கறவனையும் எழுப்பற மாதிரி, "சம்ம்ம்மதம்!" கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த கோதண்டராமன் சார் காதைப் பொத்திக்கிட்டு ஓடி வந்தார். "அண்ணே, மைக் பக்கத்துலயே இருக்கு, கொஞ்சம் அடக்கமா." திரும்பச் சொன்னார். "இன்னும் அடக்கமாண்ணே." திரும்பச் சொன்னார். "இன்னும் கொஞ்சம். மனசுக்குள்ள சொல்லிக்கிற மாதிரி." அஞ்சு தடவை! அந்த மனுஷன் வேர்த்து விறுவிறுத்துப் போயிட்டார், பாவம்.

ஞாயித்துக்கிழமை ஒண்ணரை மணி. சிவப்பு லைட்டு எரிஞ்சுது. நாடகம் ஜம்முனு போச்சு. நான் போட்ட போடுல, சிரிக்கக் கூடாதுன்னு எல்லாரும் வாயில கர்ச்சீப்பை அமுக்கிக்கிட்டு நிக்கறாங்க. இவர் கதவுகிட்ட நிக்கறார், கையில வளையல். கடைசிப் பக்கம் வந்துது. நான் கேட்டேன். நல்லாவே கேட்டேன். "ஏங்க, இந்த வாயாடியைக் கட்டிக்க உங்களுக்குச் சம்மதமா?"

மாசிலாமணி என்ன பண்ணினார் தெரியுமா? கண்ணை மூடினார். கையை நெஞ்சுல வச்சார். தலையை ஆட்டினார்.

ஆமாம்மா, தலையை ஆட்டினார்! மேடையா இருந்தா அந்த ஆட்டலுக்கு விசில் பறந்திருக்கும். அடக்கமா, அடக்கமான்னு சொல்லிச் சொல்லி, கடைசியில மனுஷன் குரலையே விட்டுட்டார். ரேடியோவுல தலையாட்டின மடையனை நீ எங்கயாவது கேள்விப்பட்டிருக்கியா? சிரிக்காதே. ஊர் பூரா காதை வச்சுக்கிட்டு இருக்கு, ரேடியோவுல ஒண்ணுமே வரல. ஒரு செகண்டு. ரெண்டு செகண்டு. ரேடியோவுல மூணு செகண்டு சத்தம் இல்லேன்னா, கேக்கறவன் பெட்டி ரிப்பேர்னு எழுந்து தட்ட ஆரம்பிச்சிருவான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கோதண்டராமன் சார் தலையில கை வச்சுக்கிட்டு நிக்கறார். எனக்கா, சும்மாவே நாக்கு நிக்காது, நானே ஏதாவது சொல்லிச் சமாளிச்சிருக்கலாம். வரல. ஒரு வார்த்தை வரல. சம்மதமான்னு கேட்டுட்டு, பதிலே வராம ஊர் முன்னாடி நிக்கறது எப்படி இருக்கும் தெரியுமா? நாடகம்தான். இருந்தாலும் உடம்பெல்லாம் கூசிப் போச்சு.

அப்ப ஜல்லி மிதிபடற சத்தம் கேட்டுச்சு. சரக், சரக், சரக்னு நாலு எட்டு. திரும்பினா, இவர்! கதவை விட்டுட்டு, தட்டுல இருந்த ஜல்லி மேல ஏறி நடந்து மைக்குக்கே வந்துட்டார். என்னைப் பாக்கல. மைக்கைப் பாத்துக்கிட்டு, மெதுவா, நிதானமா சொன்னார்: "சம்மதம். முதல் வாரத்துலேர்ந்தே சம்மதம்."

சொல்லிட்டு வளையலை ஒரு தடவை குலுக்கினார். இசை வந்துது, சிவப்பு லைட்டு அணைஞ்சுது.

நாடகம் பிழைச்சுது, இல்லேங்கல. ஆனா நீயே சொல்லு, அது தப்பான வசனமா இல்லையா? நூறாவது மாப்பிள்ளை அன்னிக்குத்தான் முதல் தடவையா வீட்டுக்கே வர்றான். அவன் எப்படி முதல் வாரத்துலேர்ந்தே சம்மதம்னு சொல்லுவான்? முதல் வாரம் அவன் கதையிலயே இல்லையே! பதட்டத்துல உளறிட்டார். நூறு வாரம் அதே ரூம்ல நின்ன ஆளு, கதை என்னன்னுகூடக் கவனிக்கல. நான் அப்பவே இவர்கிட்டச் சொன்னேன், வசனம் பொருந்தலைங்கன்னு. என்னை ஒரு பார்வை பாத்தார். வளையலைப் பெட்டியில வச்சுப் பூட்டிட்டுப் போயிட்டார்.

என்னம்மா, பெருமூச்சு விடறே? மாமியார் வந்துட்டாங்களா? இல்லையா? சரி, கேளு.

மறுநாள் இவருக்கு மெமோ. சத்தம் போடற ஆள் வசனம் பேசினது ஏன்னு கேட்டு. இவர் எழுதிக் குடுத்த பதிலை கோதண்டராமன் சார் எனக்குக் காட்டினார். இன்னிக்கும் மனப்பாடமாத் தெரியும்: "நேரடி ஒலிபரப்பில் மௌனம் ஏற்பட்டதால், நிலையத்தின் நலன் கருதி, ஒரு வார்த்தை பேச நேர்ந்தது." நிலையத்தின் நலனாம்! ஒரு வார்த்தையாம்! எண்ணிப் பாரு, நாலு வார்த்தை. ஆபீஸ் காகிதத்துல, சொந்தக் கையெழுத்துல எழுதியிருக்கார். அப்ப அந்தச் சம்மதம் எனக்கா, ஸ்டேஷனுக்கா? அதைப் படிச்சதும் மனசுக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. ஏன்னு தெரியல. எனக்கென்ன, நான் நாடகம் நடிக்கப் போனவ.

அதுக்குள்ள எங்க அண்ணன் கிளம்பிட்டார். அவருக்குச் சைக்கிள் கடை. கடை ரேடியோவைச் சுத்திப் பத்துப் பேர் நின்னு கேட்டிருக்காங்க. கேட்டவன் எல்லாம், "உன் தங்கச்சிக்கு நிச்சயம் ஆயிருச்சாமே, மாப்பிள்ளை யாருப்பா?"ன்னு கேட்டு அவர் உயிரை வாங்கியிருக்கான். யாரோ ஒரு மவராசி பித்தளைக் குடமே வாங்கி அனுப்பிட்டா. அண்ணன் நேரா ஸ்டேஷன் வாசலுக்கு வந்து, "எம் தங்கச்சியைக் கட்டிக்கச் சம்மதம்னு சொன்னவன் எவன்டா?"ன்னு நின்னாராம். கையில ஸ்பானர் வேற. கடையிலேர்ந்து அப்படியே வந்துட்டார்.

நான் ஸ்டுடியோவுக்குள்ள இருக்கேன். வெளிச் சத்தம் ஒரு துளி உள்ள வராது. அங்க என்ன நடந்துச்சுன்னு எனக்கு ஒண்ணும் தெரியாது. சாயங்காலம் அண்ணன் வீட்டுக்கு வந்து, "பையன் சரின்னுட்டான், தை மாசம் கல்யாணம்"ங்கறார். "என்ன சொன்னார்ணே?"ன்னு கேட்டேன். "ஒண்ணும் சொல்லல. கட்டிக்கிறியான்னு கேட்டேன். சரின்னுட்டான்." "வாயால சொன்னாராண்ணே?" "அதெல்லாம் நமக்கு எதுக்கு? உனக்குப் பிடிச்சிருக்குல்ல?" நான் என்ன சொல்ல? சரின்னேன். பிடிச்சுத்தான் இருந்துச்சு. அதை ஏன் மறைக்கணும், இப்ப எனக்கு அறுபத்தேழு வயசு.

ஆனா நீயே யோசிச்சுப் பாரு. முதல்ல மெமோ, அப்புறம் ஸ்பானர். ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டுத் தாலி கட்டின ஆளா இருந்தா? பாவம் இல்லையா? எனக்கும் பாவம் இல்லையா? அண்ணன்கிட்ட விசாரிக்கலாம்னா அவர் போய்ச் சேந்து பத்து வருஷம் ஆச்சு. இவரைத்தான் கேக்கணும். கேட்டுக்கிட்டேதான் இருக்கேன். "ஏங்க, அன்னிக்கு நிஜமாத்தான் சொன்னீங்களா?" வருஷத்துக்கு நாலு தடவையாவது கேட்டிருப்பேன். கேட்டுட்டு நிப்பேன். மாசிலாமணி முன்னாடி நின்ன மாதிரியே.

சரி. இன்னிக்கு நீ சாட்சி. உன் முன்னாடியே கேக்கறேன். கையை விடும்மா, ஏன் சுரண்டறே? கேட்டுட்டு உன்கிட்ட வர்றேன்.

ஏங்க. உங்களைத்தான். நூறாவது வாரம் மைக் முன்னாடி சொன்னீங்களே. அது ஸ்டேஷனுக்காகச் சொன்னதா, எனக்காகச் சொன்னதா? எனக்காகத்தானே சொன்னீங்க?

ஒரு செகண்டு.

ரெண்டு செகண்டு.

பாத்தியா இளவரசி, இப்படித்தான். இந்த மனுஷன்...

என்ன? என்ன சொன்னே?

தலையாட்டறாரா?

எப்படி, மேலயும் கீழயுமா? நல்லாப் பாத்துச் சொல்லு. ஆமாங்கற மாதிரியா? இன்னும் ஆட்டிக்கிட்டே இருக்காரா?

என்னது, இப்ப மட்டும் இல்லையா? வளையலைக் கேட்டப்பவுமா ஆட்டினார்? என் அளவு பாத்துத்தான் வாங்கினார்னு... ஆமான்னா? அப்ப காலைல நர்ஸ் கேட்டதுக்கும் ஆட்டியிருப்பார். அடக் கடவுளே. இதைச் சொல்லத்தான் அப்பலேர்ந்து வாயைத் தொறந்து தொறந்து மூடினியா? முன்னாடியே சொல்றதுக்கென்ன உனக்கு?

நான் விடலையா? சரி, அதுவும் நிஜம்தான்.

இளவரசி, இந்தக் கேள்வியை நான் எங்க நின்னு கேப்பேன் தெரியுமா? தோசை வாத்துக்கிட்டு. துணி அலசிக்கிட்டு. முதுகை இவருக்குக் காட்டிக்கிட்டுத்தான் கேப்பேன். மூஞ்சியைப் பாத்துக் கேக்க வெக்கம். கேட்டுட்டு, காதை மட்டும் இந்தப் பக்கம் வச்சுக்கிட்டு நிப்பேன். ரேடியோக்காரி இல்லையா? குரல் வருதான்னுதான் பாத்தேன். ஒரு தடவை திரும்பிப் பாக்கணும்னு தோணலையே எனக்கு! போயும் போயும் அந்த மாசிலாமணியை மடையன்னு திட்டிக்கிட்டு இருந்தேனே.

மணி பன்னண்டு ஆகலையா? ஆகாட்டி போகட்டும், நர்ஸ் வந்தா நீ சமாளி.

அம்மாடி, என்ன வெளிச்சம்! எல்லாம் கலங்கலா இருக்கு. இதென்ன, மீசையா? மீசைதான். ஏங்க, கொஞ்சம் கிட்ட வாங்க. இன்னும் கிட்ட. எங்க, இன்னொரு தடவை ஆட்டுங்க, பாப்போம்.